சாரலுக்கு இடமில்லாத விசைப்பலகை

(குற்றாலம் ஐந்தருவிச் சாலையில், சீசன் நாளொன்றில் வாசகர்களும் கணினித் துறையினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஐந்தருவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு விரல்களைப் பற்றிப் பேசு என்றால், ஐந்து அருவி, ஐந்து விரல் என்று ஆரம்பிக்க வாய் துறுதுறுக்கும். அந்த வசதியை ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இங்கே ஐந்து கிளையிலும் தண்ணீர் ஒரே கனத்தில் விழுவதில்லை. பழகினவர் பார்த்துத்தான் தலையைக் கொடுப்பார். கைப்பிள்ளையோடு வந்தவர் மெல்லிசாக விழுகிற ஓரத்தில் நிற்பார். விரல்களும் அப்படித்தான். ஆள்காட்டி விரல் தாங்குகிற சுமையைச் சுண்டுவிரல் தாங்காது. நாள் முழுக்க எழுதுகிறவனுக்கு எந்த எழுத்தை எந்த விரலுக்குப் பங்கு வைப்பது? இதுதான் இன்றைய பேச்சு.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்த தலைமுறை நான். தமிழ் லோயர், தமிழ் ஹையர் என்று இரண்டு சான்றிதழும் வீட்டில் இருக்கின்றன. இடது கைக்கு ய, ள, ன, க. வலது கைக்கு ட, ம, த. இந்த வரிசையைக் காகிதம் காகிதமாக அடித்தவர்களுக்கு அது கடைசிவரை விரலை விட்டுப் போகாது. அப்புறம் கணினி வந்தது. எல்லாரும் அம்மாவை ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கினார்கள். நானும் அந்தப் பழக்கத்துக்கு மாறினேன். பத்து வருஷம் கழித்து வலது மணிக்கட்டில் வலி வந்தது. காலையில் சட்டைப் பொத்தானைப் போடும்போது விரல் ஒத்துழைக்க மறுத்தது. முதலில் வைத்தியரைப் பார்த்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன்: மரத்துப்போவது, இரவில் குடைவது என்று இருந்தால் கீபோர்டு கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். நான் சொல்லப்போவது அதற்குப் பிறகான கதை.

சாதாரண விசைப்பலகையில் இரண்டு கையையும் வைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். முழங்கைகள் இரண்டும் உடம்பின் இரு ஓரத்தில் இருக்கும்; விரல்கள் நடுவில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். இதற்காக மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக வளைகிறது. விசைப்பலகையை இரண்டாகப் பிளந்து, தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்தால் அந்த வளைவு போய்விடும். உள்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, கூடாரம்போல் சாய்த்து வைத்தால் முன்கை முறுக்கும் குறையும். இது புதிய யோசனை இல்லை. 1926-இலேயே ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க் என்பவர் விசைகளை இரு பாதியாகப் பிரித்துச் சாய்த்து வைக்கச் சொன்னார். 1972-இல் குரோமர் என்ற ஆய்வாளர் அதைச் சோதித்து எழுதினார். 1992-இல் கினசிஸ் நிறுவனம் குழிந்த விசைப்பலகையைக் கொண்டுவந்தது. 1994-இல் மைக்ரோசாஃப்ட் நடுவில் பிரிந்த ஒன்றைக் கடைக்கடையாக வைத்தது. இன்று எர்கோடாக்ஸ், கார்ன் என்று கையாலேயே பற்றவைத்துச் செய்துகொள்கிறார்கள்.

நானும் ஒன்று வாங்கினேன். மணிக்கட்டு நிமிர்ந்தது. ஆனால் இரண்டு மாதத்தில் இன்னொன்று புரிந்தது. வீட்டைப் பெரிதாகக் கட்டிவிட்டு, பழைய வீட்டில் சாமான் கிடந்த அதே கோலத்தில் இங்கேயும் அடைத்து வைத்திருக்கிறேன். பலகை பிளந்துவிட்டது, எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பள்ளி என்று எழுத ஷிப்டைப் பிடித்துக்கொண்டு எல் தட்டுகிறேன். மண் என்று எழுத மறுபடி ஷிப்ட். அந்த ஷிப்டை நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருப்பது பாவப்பட்ட சுண்டுவிரல்.

அப்போதுதான் தமிழ் எழுத்தை விரலுக்குப் பங்கு வைத்தவர்களின் கதையைத் தேடிப் படித்தேன். முதலில் நிற்பவர் ஆர். முத்தையா. 1886-இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, பிழைப்புக்காகச் சிங்கப்பூர், மலாயாப் பக்கம் போனவர். தமிழ் எழுத்து 247. ஆங்கிலத்துக்கென்று செய்த இயந்திரத்திலோ விசைகள் நாற்பத்துச் சொச்சம். அவர் கையாண்ட வழிகளில் ஒன்று ‘நகரா விசை’. அதைத் தட்டினால் குறி விழும், வண்டி நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து உட்காரும். இரும்பால் செய்த இயந்திரத்தில் உயிர்மெய் எழுத அவர் கண்டுபிடித்த உபாயம் அது. பொறியை ஜெர்மனியில் செய்வித்துத் தருவித்தார். நம் கச்சேரிகளிலும் கோர்ட் வாசல்களிலும் இத்தனை காலம் கேட்ட தமிழ்த் தட்டச்சு ஓசைக்கு அவர்தான் மூத்தவர்.

ஆனால் அந்த இயந்திரம் கண்ணுக்கு எழுதியது. ‘கொ’ அடிக்க வேண்டுமென்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால், மூன்று தட்டு. காதில் விழுவதோ ககரமும் ஒகரமும், இரண்டே ஒலி. இதே குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. கவிதையைச் செவியால் அனுபவிக்கச் சொன்னவர். அவர் ஊரில் நின்றுகொண்டு நான் சொல்லலாம்: கண் வழி எழுதுவதும் செவி வழி எழுதுவதும் வேறுவேறு.

செவி வழிக்கு ஒரு பொது ஏற்பாடு 1999-இல் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டில் உருவான விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. பெயரே தமிழ்99. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஐபோன் எல்லாவற்றிலும் இன்று இருக்கிறது. இருந்தும் நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டோம்.

அதில் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, புள்ளி ஒன்று. ஆக 31 விசை. ஷிப்டைத் தொடாமல் இந்த 31-ஐக் கொண்டு ஆய்தம் ஒன்று நீங்கலாக அத்தனை தமிழ் எழுத்தும் வந்துவிடும். ஆய்தத்துக்கும் கிரந்த எழுத்துகளுக்கும் மட்டும்தான் ஷிப்ட். எங்கே வைத்தார்கள் என்பதுதான் அழகு. உயிர் எல்லாம் இடது கை. நடு வரிசையில் அ, இ, உ, எ என்று குறில்கள். அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ, ஏ என்று நெடில்கள். புள்ளி, இடது ஆள்காட்டி விரல் சும்மா தங்கியிருக்கும் விசையிலேயே இருக்கிறது. மெய்கள் வலது கை. வகரமும் ஙகரமும் மட்டும் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கின்றன. உயிர் ஒரு கை, மெய் ஒரு கை, இரண்டும் சேர்ந்தால் உயிர்மெய். நம் இலக்கணத்திலேயே இருக்கிற பிளவு அது. பிளவு விசைப்பலகை சந்தைக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் எழுத்து இரண்டு பாதியாகத்தான் இருந்தது.

எல்லாரும் கையை முழங்காலில் வையுங்கள். ‘குற்றாலம்’ என்று எழுதப்போகிறோம். க, வலது. உ, இடது. ற, ற, வலதில் இரண்டு தட்டு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ஆ, இடது. ல, ம, வலதில் இரண்டு. புள்ளி, இடது. மறுபடியும்: வலது, இடது, வலது வலது, இடது, வலது வலது, இடது. எட்டுத் தட்டு. கேட்கிறதா? மத்தளம் வாசிப்பதுபோல் இல்லையா? பக்கத்து ஊரின் பெயரே மத்தளம்பாறை. அங்கே ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிற பிள்ளைகள் இங்கே நாலைந்து பேர் சிரிக்கிறார்கள்.

‘ஐந்தருவி’யையும் பார்ப்போம். ஐ, ந, த, ர, உ, வ, இ. ஏழே தட்டு. நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் நடுவில் புள்ளி தானே வந்துவிடும். ங்க, ஞ்ச, ண்ட, ம்ப, ன்ற எல்லாவற்றுக்கும் இதே சலுகை. ஆங்கில எழுத்தில் தட்டினால் ‘ஐந்தருவி’க்குப் பத்து எழுத்து வேண்டும். எங்கே புள்ளி வேண்டாமோ அங்கே அகரத்தைத் தட்டித் தடுக்கலாம்: ‘மமதை’ எழுத ம, அ, ம, த, ஐ. சில மென்பொருள்களில் இந்தத் தானியங்கிப் புள்ளி இருக்காது. அதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெருமையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் அது சொற்பொழிவு இல்லை, விளம்பரம். தமிழ்99-க்கு ஒரு நோவு உண்டு. அகரம் ஏறிய மெய்க்கு உயிர் விசை தேவையில்லை. அதனால் அகரம் மலிந்த சொற்களில் இடது கை வேடிக்கை பார்க்கும். ‘கடல்’ என்றால் க, ட, ல மூன்றும் வலது, கடைசிப் புள்ளி மட்டும் இடது. உச்சம் எது தெரியுமா? ‘பரபரப்பு’. கடைசி உகரத்துக்கு முன்னால் ப, ர, ப, ர, ப, ப என்று ஆறு தட்டு, ஆறும் வலது ஆள்காட்டி ஒன்றே! ‘கரகரப்பு’க்கும் அதே கதி. செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவருக்கு, பரபரப்பே விரலுக்குப் பகை. க, ப, ர, ல, ற, ள ஆறும் அந்த ஒற்றை விரலின் பொறுப்பு. பழைய தட்டச்சு முறை இந்த ஒரு விஷயத்தில் மேல். அங்கே மெய்கள் இரண்டு கைக்கும் பிரிந்திருக்கும். அதனால் தட்டச்சு முறையில் ஐம்பது வயது வரை ஊறிய அண்ணாச்சி ஒருவர் வந்து, நான் மாற வேண்டுமா என்று கேட்டால், வலி இல்லையென்றால் வேண்டாம் அண்ணாச்சி என்றுதான் சொல்வேன். நாளைக்கு இரண்டு வரி வாட்சப்பில் எழுதுகிறவருக்கும் ஆங்கில வழியே போதும். நாள் ஒன்றுக்குப் பத்துப் பக்கம் தமிழ் எழுதுகிறவருக்குத்தான் இந்தப் பேச்சு.

இப்போது ஆங்கிலப் பக்கம் வருவோம். இங்கே இருக்கிற பலருக்குப் பகல் முழுக்க ஆங்கிலமும் நிரலும்தான் பிழைப்பு. குவெர்ட்டி 1870-களில் ஷோல்ஸ் என்பவரின் இயந்திரத்தோடு வந்த வரிசை. அதற்கு மாற்றாக 1936-இல் ஆகஸ்ட் டுவோராக்கும் அவர் மைத்துனர் டீலியும் காப்புரிமை பெற்றார்கள். அதிலும் உயிரெழுத்துகள் எல்லாம் இடது நடு வரிசை! தமிழ்99-ஐப் பழகியவருக்கு அந்த ஏற்பாடு அந்நியமாகத் தெரியாது. 2006-இல் ஷாய் கோல்மன் கொண்டுவந்த கோல்மாக் இன்னும் சாதுவானது: குவெர்ட்டியில் பதினேழு விசைகளை மட்டும் மாற்றியது, வெட்ட, ஒட்ட உதவும் கீழ் வரிசை விசைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். இவற்றுக்கு மாறினால் வேகம் பறக்கும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். 1956-இல் அமெரிக்க அரசுக்காக ஏர்ல் ஸ்ட்ராங் நடத்திய சோதனை, பழகினவர்களைத் திரும்பப் பழக்குவதால் ஆதாயமில்லை என்றுதான் முடிந்தது. விரல் குறைந்த தூரம் ஓடும். அந்தச் சுகம் போதுமென்றால் மாறுங்கள்.

மாறும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. நான் விழுந்த பள்ளம். பிளவு விசைப்பலகைகளில் பலவற்றுக்குள் சிறு மென்பொருள் ஒன்று ஓடும். கியூஎம்கே என்பது அதில் பிரபலம். அதில் கோல்மாக்கை ஏற்றிவிட்டேன். ஆங்கிலம் ஜோராக வந்தது. சந்தோஷத்தில் தமிழ்99-க்கு மாறி ‘அம்மா’ என்று நான்கு விசை தட்டினேன். திரையில் வந்தது ‘அஊஊஆ’. சாமக்கோடங்கி நேரத்தில் நரி ஊளையிட்ட மாதிரி இருந்தது. காரணம் சின்னது. மகரம் இருக்க வேண்டிய விசையிலிருந்து பலகை வேறொரு ஆங்கில எழுத்தை அனுப்புகிறது. கணினி அந்த எழுத்துக்குரிய தமிழைப் போடுகிறது, அது ஊகாரம். பலகை ஒரு முறை இடம் மாற்ற, கணினி இன்னொரு முறை மாற்ற, அம்மா காணாமல் போனாள். தீர்வு இரண்டு. பலகையைக் குவெர்ட்டியாகவே விட்டுவிட்டு, ஆங்கில மாற்றத்தைக் கணினியின் அமைப்பில் செய்வது ஒன்று. பலகைக்குள்ளேயே தமிழுக்கென்று குவெர்ட்டி அடுக்கு ஒன்றை வைத்து, ஒரு விசையில் அதற்குத் தாவுவது இன்னொன்று. நான் இரண்டாவதைச் செய்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய விஷயம் கடையில் காத்திருக்கிறது. போன மாதம் ஒரு தங்கை கேட்டாள், “சார், கார்ன் வாங்கலாமா? குட்டியா, பையில போட்டுக்கிட்டுப் போற மாதிரி இருக்கு.” படத்தைக் காட்டினாள். மொத்தம் 42 விசை. கட்டைவிரல் விசைகளைக் கழித்தால் கைக்கு ஆறு பத்தி, மூன்று வரிசை. அழகான பொருள்தான். நான் அவளிடம் ‘சாரல்’ என்று எழுதச் சொன்னேன். தமிழ்99-இல் ச எங்கே இருக்கிறது? மேல் வரிசையில், ஆங்கில பி-க்கு வலதுபுறம், பகர அடைப்பு விசையில். அதற்கும் அடுத்தது ஞ. வலது கை மேல் வரிசைக்கு ஏழு பத்தி வேண்டும். இந்தப் பலகையில் இருப்பது ஆறு, அந்த ஆறாவதிலும் அழிக்கும் விசை உட்கார்ந்திருக்கிறது. ஐந்து பத்திப் பலகை என்றால் ய-வும் போயிற்று. குற்றாலத்துக்காரி கையில், சாரலுக்கு இடமில்லாத விசைப்பலகை! ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நமக்குக் கை நீளம் பத்தவில்லை.

அதற்காக அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தையலைப் பிரித்துத் தைக்கலாம். என்னுடையதில் அழிக்கும் விசையை இடது கட்டைவிரலுக்கு இறக்கிவிட்டேன். கட்டைவிரல் பலமான விரல். இடைவெளியை மட்டும் தட்டிக்கொண்டு வாழ்நாளைக் கழிப்பதற்கு அது என்ன பாவம் செய்தது? இங்கிலாந்தில் 1970-களில் லிலியன் மால்ட் வடிவமைத்த மால்ட்ரான் பலகையில், ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்தையே கட்டைவிரலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அழிக்கும் விசை காலிசெய்த மூலையில் ச வந்தது. மிஞ்சியது ஞ. ந-வும் ய-வும் அடுத்தடுத்த விசைகள். இரண்டையும் ஒருசேர அழுத்தினால் ஞ வரும்படி செய்துகொண்டேன். ஞாபகத்தை ‘நியாபகம்’ என்று எழுதித் தமிழாசிரியரிடம் குட்டு வாங்கியவர்கள் இந்த ஏற்பாட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள்.

எப்படிப் பழகுவது என்றும் கேட்கிறார்கள். நாளுக்கு இருபது நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். விசையைக் குனிந்து பார்க்காமல், வரைபடத்தைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். பலகையையும் எழுத்து வரிசையையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். கல்யாணத்தையும் வீடு மாற்றுவதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வதற்குச் சமம். முதலில் பலகை, கை பழகின பிறகு வரிசை. வேலை நெருக்கும் மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் உங்கள் வேகத்தைப் பார்த்து உங்களுக்கே அழுகை வரும். பழைய வேகம் திரும்ப எனக்கு ஏழு வாரம் ஆனது. அதற்குப் பிறகு, எழுத்தை மனசுக்குள் ஆங்கிலமாகக் கலைத்து, திரும்பத் தமிழாகக் கோக்கும் வேலை நின்றுபோனது. கைவலி குறைந்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய ஓய்வாகப் பட்டது.

நேரமாகிவிட்டது, வெளியே காற்று திரும்புகிறது. கடைக்குப் போகிறவர்களை விலையையும் விளக்கையும் பார்க்கச் சொல்ல மாட்டேன். மூன்று சொல் அடித்துப் பாருங்கள். முதல் சொல் ‘சாரல்’; ச இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டாவது ‘மழை’, ழ வலது கீழ் மூலையில் ஆங்கிலச் சாய்கோட்டு விசையில் இருக்கிறது, சில பலகைகளில் அந்த மூலையும் வேறு வேலைக்குப் போயிருக்கும். மூன்றாவது ‘ஞாயிறு’, ஞ, ய இரண்டுக்கும் சேர்த்து ஒரே சோதனை. மூன்றும் தடையில்லாமல் வந்தால் அந்தப் பலகை தமிழுக்கு ஆகும். பட்டியல் மறந்துபோனால் கவலையில்லை, இந்த ஊர்க்காரர்களுக்கு அது மறக்கவே மறக்காது: சாரல், மழை, ஞாயிறு. பார்க்கிங்குக்கு இடம் கிடைக்காத அன்றைக்கு, வண்டியில் உட்கார்ந்தபடியே நினைத்துக்கொள்ளுங்கள்.